சுராங்கனிக்கு வந்த மீன்

கல்யாண வீடு எது என்று வலை பிரித்துக்கொண்டிருக்கிறவர்களிடம் யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. ரேடியோ செட்காரர் பனையில் ஏறி, கூம்பு ஒலிபெருக்கியைக் கடலைப் பார்க்கத் திருப்பிக் கட்டிவிட்டு இறங்கினால் போதும். 1970-களின் பிற்பகுதியில் தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறை ஊர்களில் விசேஷம் இப்படித்தான் தொடங்கும். முதலில் மாதா பாட்டு, அப்புறம் டி.எம்.எஸ்., சுசீலா. பந்தி முடிந்து இளவட்டங்கள் பந்தல் ஓரத்தில் கூடும் நேரத்தில் அடுக்கின் அடியிலிருந்து ஓர் இசைத்தட்டு மேலே வரும். ஊசி பட்டதும் கரகரப்பு. பிறகு ஒரு பெண்ணின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும் ஆண்குரல்.

'சுராங்கனி'.

பாடியவர் ஏ.இ. மனோகரன். இலங்கைத் தமிழர். அங்கே அவரை 'பொப் இசைச் சக்கரவர்த்தி' என்றார்கள். இங்கே சிலோன் மனோகர். பாட்டின் பல்லவி சிங்களம். சிங்களத்தில் மீனுக்கு 'மாலு' என்று பெயர். சுராங்கனி என்ற பெண்ணுக்கு மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்பதுதான் பாட்டின் சேதி. அதற்கு மேல் அதில் தத்துவமும் கிடையாது, சோகமும் கிடையாது. பொருள் தெரியாமலேயே சென்னையிலும் கோவையிலும் அதைப் பாடினார்கள். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. கொழும்பில் கடை வைத்திருந்த சித்தப்பாவோ மாமாவோ இல்லாத தெருவைக் கரையோரத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர்கள் வாயிலாகச் சிங்களச் சொற்கள் பலவும் ஊருக்குள் வந்திருந்தன.

அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்த ஆண்டுகளில் உலகத்தின் மற்ற நடனக்கூடங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. 1977 மே மாதம் 'ஸ்டார் வார்ஸ்' வெளியானது. அதன் இசையை டிஸ்கோ தாளத்தில் ஏற்றி மெக்கோ என்பவர் அதே ஆண்டில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தார். பிரான்ஸில் 'ஸ்பேஸ்' என்ற குழு, விண்வெளி வீரர்களைப் போலத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு 'மேஜிக் ஃப்ளை' வாசித்தது. அதில் பாடகர் இல்லை, வார்த்தை இல்லை, சிந்தசைசரே எல்லாம். மியூனிக்கில் ஜார்ஜியோ மொரோடர், டோனா சம்மருக்காக 'ஐ ஃபீல் லவ்' பாட்டின் இசையை ஏறக்குறைய முழுக்க இயந்திரத்தாலேயே செய்தார். 1978-ல் போனி எம் குழுவின் 'நைட்ஃப்ளைட் டு வீனஸ்' வந்தது. அந்தத் தட்டு ராக்கெட் ஏவுவதற்கான எண்ணிக்கையோடு தொடங்கும். இந்த வகை இசைக்கு ஸ்பேஸ் டிஸ்கோ என்று பெயர் வந்தது. சந்திரனில் மனிதன் கால் வைத்துப் பத்து வருடம்கூட ஆகவில்லை. வருங்காலம் மேலே இருக்கிறது, அதற்கு மின்சாரக் குரல் இருக்கிறது என்று ஐரோப்பிய இளைஞர்கள் நம்பி ஆடினார்கள்.

அதே 1977-ல் தமிழ்த் திரையில் 'அவர் எனக்கே சொந்தம்' வந்தது. அதற்கு இசையமைத்த இளையராஜா 'அன்னக்கிளி'யில் அறிமுகமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் 'சுராங்கனி' மறுபடி ஒலித்தது. இந்தத் தடவை பாடியவர் மலேசியா வாசுதேவன், உடன் ரேணுகா. இலங்கையில் பிறந்த பாட்டு, மலேசியாவில் பிறந்து வளர்ந்த பாடகர், பண்ணைப்புரத்து இசையமைப்பாளர். வங்கக் கடலையும் மன்னார் வளைகுடாவையும் சேர்த்து வரைந்த ஒரு வரைபடம் அந்தத் தட்டுக்குள் இருந்தது. ஐரோப்பாவின் அந்த வருடத்து ஆட்டப்பாட்டு வேற்றுக் கிரகத்தைத் தேடியது. நம்முடையது மீன் கூடையோடு கரையேறியது. இதைக் குறைவாக எண்ண எந்தக் காரணமும் இல்லை. அந்தக் கூடை வந்த வழி நானூறு ஆண்டுக்கும் மேல் நீளமானது.

அந்த வழியைப் பார்க்க வேம்பார் நல்ல இடம்.

தூத்துக்குடி மாவட்டத்தின் வடகோடி. விளாத்திகுளம் வட்டம். ஊரைத் தாண்டினால் ராமநாதபுரம் மாவட்டம் வந்துவிடும். கிழக்கே கடல், மேற்கே பனங்காடு. எதிரே கடலுக்குள் நல்லதண்ணித்தீவு, உப்புத்தண்ணித்தீவு, புலுவினிச்சல்லி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இந்த மூன்றையும் அரசு ஆவணங்களே 'வேம்பார் குழு' என்றுதான் குறிக்கின்றன. வேம்பார் கருப்பட்டிக்குத் தென்மாவட்டங்களில் இன்றும் தனி மரியாதை. மணப்பாடு, ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வைப்பார், வேம்பார் என்று பரதவர் சொல்லும் ஏழு கடல்துறையில் வடக்கே கடைசி இது.

1530-களில் இந்தக் கரைக்குப் போர்த்துக்கீசியரின் துணை வந்தது, அதோடு திருமுழுக்கும் வந்தது. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவருக்குப் பின் வந்த அன்றீக்கே அடிகளார் 1548-ல் இதே வேம்பாரிலிருந்து தம் சபைத் தலைவர் இக்னேஷியஸ் லொயோலாவுக்குக் கடிதம் எழுதினார். தமிழைப் பேச்சிலிருந்தே பொறுக்கி எடுத்து இலக்கணம் கட்ட முயன்றவர் அவர். 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவருடைய மொழிபெயர்ப்பு. குடும்பப் பெயர்களும் அந்தக் கப்பல்களில்தான் வந்தன: பர்னாந்து, மச்சாது, மோத்தா, கொரைரா, ரொட்ரிகோ. ஜன்னல், அலமாரி, சாவி, பீப்பாய் எல்லாம் அந்த மொழி விட்டுப்போன சொற்கள். காலையில் வள்ளம் கரை தட்டியதும் மணலில் மீனைக் குவித்து, சுற்றி நின்று விலை கூவுகிறார்களே, அதற்கு நாம் சொல்லும் 'ஏலம்' என்ற சொல்லும் போர்த்துக்கீசியம்தான். பத்துப் பதினைந்து பேர் வட்டமாக நிற்பார்கள். நடுவில் சீலாவோ பாறையோ ஈரம் காயாமல் கிடக்கும். கூவுகிறவர் ஒரே தாளத்தில் எண்ணை ஏற்றிக்கொண்டே போவார். ஒரு தலையசைப்பு, ஒரு விரல் நீட்டல், வியாபாரம் முடிந்துவிடும். அந்தக் கூவலைக் கேட்டுப் பழகிய காதுக்கு, மீன் கொண்டுவந்தேன் என்று ஒருவன் பாடினால் அது வேற்றூர்ப் பாட்டாகத் தோன்றாது.

இதே போர்த்துக்கீசியர் 1505-லேயே இலங்கைக்குப் போய்விட்டார்கள். அங்கே அவர்களோடு ஆப்பிரிக்கர்களும் வந்தார்கள். அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளம் பக்கம் சிரம்பியடியில் வாழ்கிறார்கள். 'மஞ்ச' என்று அவர்கள் பாடும் பாட்டுகளில் போர்த்துக்கீசியமும் ஆப்பிரிக்கத் தாளமும் கலந்து கிடக்கின்றன. மட்டக்களப்புப் பறங்கியரிடம் கஃப்ரிஞ்ஞா ஆட்டம் இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து, சிங்களம் பேசும் கரையோரக் கத்தோலிக்கரிடம் வளர்ந்து, பைலா ஆனது. போர்த்துக்கீசியத்தில் 'பைலார்' என்றால் ஆடுவது. 1940-களில் வாலி பஸ்தியான்ஸ் என்ற போலீஸ்காரர் இதற்குச் சிங்களச் சொல் கட்டி மேடையேற்றினார். பைலாவின் தந்தை என்று இலங்கை அவரை இன்றும் சொல்கிறது. 1970-ல் தொடங்கிய 'ஜிப்ஸீஸ்' போன்ற குழுக்கள் மின்கிதாரும் டிரம்சும் சேர்த்து அதைக் கல்யாண மண்டபங்களுக்குக் கொண்டுபோயின.

ஒரே கப்பல் கூட்டம். இந்தக் கரையில் அது கோயிலையும் குடும்பப் பெயரையும் இறக்கியது. அந்தக் கரையில் ஆட்டமும் சேர்ந்து இறங்கியது. அந்த ஆட்டம் இந்தக் கரைக்கு வந்து சேர இருபதாம் நூற்றாண்டின் இசைத்தட்டும் வானொலியும் தேவைப்பட்டன.

டிஸ்கோவையும் பைலாவையும் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் உடனே பிடிபடும். டிஸ்கோவில் பெரிய டிரம் நாலு அடியும் சமமாக அடிக்கும். தொம், தொம், தொம், தொம். நிமிடத்துக்குச் சுமார் 120. எங்கேயும் வளையாது, இயந்திரத்தால் அதை அச்சுப் பிசகாமல் போட முடிந்ததும் அதனால்தான். பைலா ஆறு எண்ணிக்கையில் உருளும். மூன்று மூன்றாக எண்ணினால் தகிட, தகிட. நம் திஸ்ர நடை. கும்மிக்குக் கை தட்டிய பெண்ணுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டை இரண்டு கரையிலும் அம்பா என்றே சொல்கிறார்கள்; ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் அதே கட்டு பைலாவிலும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்யாணப் பந்தலில் மனோகரனின் பாட்டுகள் ஒரே கேட்பில் ஒட்டிக்கொண்டதற்குக் கிதாரும் நீண்ட தலைமுடியும் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

வானொலிக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் வலுவான ஒலிபரப்புக் கருவி ஒன்றை நிறுவினார்கள். போர் முடிந்ததும் அது இலங்கையின் கைக்கு வந்தது. 1949-ல் 'ரேடியோ சிலோன்' பிறந்தது. 1952-ல் இந்தியாவின் தகவல் அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைத் தள்ளிவைத்தார். தமிழர்கள் முள்ளைத் திருப்பிக் கொழும்பைப் பிடித்தார்கள். எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலும், பின்னால் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களும் மதுரையிலும் நெல்லையிலும் வீட்டுக் குரல்களாயின. 'பொங்கும் பூம்புனல்' கேட்டுப் பள்ளிக்கூடம் புறப்பட்ட தலைமுறை ஒன்று உண்டு. தூத்துக்குடி, வேம்பார், கீழக்கரை பக்கத்து வீடுகளுக்கு வேறொரு வசதி: சென்னையைவிடக் கொழும்பு கிட்டம். பகலிலும் இரைச்சலில்லாமல் எடுத்தது. 1957-ல் விவித் பாரதி வந்த பிறகும் முள் பழைய இடத்தைவிட்டு நகரவில்லை.

தமிழ்நாட்டுப் படப்பாட்டுகளை ஒலிபரப்பிக்கொண்டே அந்த வானொலி தன் மண்ணின் பாட்டுகளையும் நடுநடுவே விட்டது. அப்படித்தான் ஈழத்துப் பொப் இசை இங்கே வந்து சேர்ந்தது. இங்கே நாம் 'பாப்' என்று எழுதுவோம். அவர்கள் 'பொப்' என்றே எழுதுவார்கள். அந்த வகைக்கு அடி எடுத்துக் கொடுத்தவர் நித்தி கனகரத்தினம். 1960-களின் கடைசியில் அவர் பாடத் தொடங்கிய 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' இரண்டும் பைலாத் தாளத்தில் யாழ்ப்பாணத் தமிழை உட்காரவைத்தன. அந்தப் பேச்சுத் தமிழை அதன் வாடையோடு மேடையேற்றியது துணிச்சலான காரியம். கள்ளுக்கடைப் பாட்டை வேம்பாரில் கேட்கும்போது இன்னோர் அடுக்கும் சேர்கிறது. பனை இரண்டு ஊரையும் வளர்த்த மரம். பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுகிற ஊரில், கள்ளைப் பற்றிச் சொல்லும் புத்தி என்னவென்று யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

மனோகரன் அந்த மரபில் வந்து, மேடை வித்தையைச் சேர்த்தார். சும்மா நின்று பாடுகிறவர் இல்லை அவர். ஆடுவார், கூட்டத்தைப் பாடவைப்பார். 1978-ல் செங்கை ஆழியானின் நாவலைப் படமாக்கிய 'வாடைக்காற்று' என்ற இலங்கைத் தமிழ்ப் படத்திலும் நடித்தார். பருவகாலத்தில் வாடி போட்டு மீன்பிடிக்கும் மனிதர்களின் கதை அது. சுராங்கனி பாடியவரின் திரைவாழ்விலும் மீன் விட்டுப்போகவில்லை. பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து தமிழ், மலையாளப் படங்களில் நடித்தார். பெரும்பாலும் அடியாள், வில்லன். 'சுராங்கனி'யைப் பல இந்திய மொழிகளில் மாற்றிப் பாடினார். ஒரே பாட்டை ஊர் ஊராக அந்தந்த மொழியில் கொண்டுபோய்க் கொடுத்த பாடகர்கள் இந்தியாவில் அதிகம் பேர் இல்லை.

மெய்யான டிஸ்கோவும் இங்கே வந்தது. 1978-ல் வந்த 'ப்ரியா' தமிழின் முதல் ஸ்டீரியோ பாடல் பதிவு என்று பெயர் வாங்கிய படம். அதன் 'டார்லிங் டார்லிங்' பாட்டில் போனி எம் பாடிய 'ஸன்னி'யின் சாயல் நன்றாகத் தெரியும். பெங்களூரில் பிறந்த இசையமைப்பாளர் பித்து, 1980-ல் லண்டனில் இருந்தபடி 'குர்பானி' படத்துக்கு நாசியா ஹசனைப் பாடவைத்தார். அடுத்த வருடம் 'டிஸ்கோ தீவானே'. இதே பித்துதான் 1974-ல் 'குங்ஃபூ ஃபைட்டிங்' என்ற பாட்டை உலகத்துக்குக் கொடுத்தவர். 1974 தூத்துக்குடித் துறைமுகம் பெருந்துறைமுகம் என்று அறிவிக்கப்பட்ட வருடமும்கூட. கப்பல் வேலைக்குப் போனவர்கள் டேப் ரிக்கார்டரும் கேசட்டுமாகத் திரும்பினார்கள். போனி எம் அப்படித்தான் கரையோரத் தெருக்களுக்குள் நுழைந்தது. 1986-ல் 'விக்ரம்' வந்தபோது தமிழ்ச் சினிமாவே ராக்கெட்டையும் சிந்தசைசரையும் ஒன்றாகப் பிடித்துவிட்டது.

ஆனால் ராக்கெட் இந்தக் கரைகளுக்குப் பாட்டில் வந்த அலங்காரம் மட்டும் இல்லை. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா. அதுவும் கத்தோலிக்க மீனவர் ஊர்தான். புவிகாந்த நடுக்கோடு அவ்வழியே போவதால் விண்ணாய்வுக்கு அந்த இடம் கேட்கப்பட்டது. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா மக்களைக் கலந்துகொண்டு புனித மேரி மக்தலேனா கோயிலைக் கொடுத்தார். கோயில் ஆய்வுக்கூடமானது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. நாசா கொடுத்த ராக்கெட். அது மேலே கொண்டுபோய்த் தூவிய சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸிலிருந்து வந்தது. பிரெஞ்சு இளைஞர்கள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு விண்வெளிப் பாட்டு வாசிப்பதற்குப் பதினான்கு வருடம் முந்தி, கடற்கரைக் குடும்பங்கள் அதற்காக வீட்டையும் பலிபீடத்தையும் விட்டுக்கொடுத்து நகர்ந்திருந்தன.

கடல் நடுவே கோடு விழுந்ததும் 'சுராங்கனி' ஒலித்த அந்த எழுபதுகளில்தான். 1974-ல் பாக் நீரிணையில் எல்லை வகுத்தார்கள். 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவிலும் வகுத்தார்கள். முத்துச்சிப்பி விளைந்த ஆண்டுகளில் இந்தக் கரையின் குளியாளிகள் மன்னார்ப் பக்கத்து அரிப்புக்கும் மரிச்சுக்கட்டிக்கும் போய் மூழ்கியவர்கள். தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. அதன்பின் பாருகளில் சிப்பி தேறவில்லை. தோணிகள் மட்டும் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தன. கொழும்பு, நீர்கொழும்பு, சிலாபம் என்று குடியேறிய இந்தக் கரையின் குடும்பங்கள் அங்கேயே வேர்விட்டன. 2001 மக்கள்தொகைக் கணக்கில் இலங்கை அவர்களைப் 'பரத' என்று தனி இனமாகவே எண்ணியது. கோடு போட்ட மறு வருடமே 'சுராங்கனி' தமிழ்ப் படத்தில் வந்ததை வெறும் தற்செயல் என்று விட்டுவிடலாம். எல்லையைக் காகிதத்தில் எழுதின காலத்தில் இரண்டு கரையும் ஒரே பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன என்பது மட்டும் தற்செயல் இல்லை. அதற்குப் பின்னால் இத்தனை தலைமுறைப் போக்குவரத்து இருந்தது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்த ஆட்டத்துக்கு மனசு வரவில்லை. கொழும்பில் தமிழர் கடைகள் எரிந்தன. இக்கரைக்குப் படகில் மக்கள் வந்தார்கள்; பாட்டும் தட்டும் வந்த கடலில் துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. சிங்களப் பல்லவியும் தமிழ்ச் சரணமும் ஒரே மூச்சில் பாடப்பட்ட ஒரு காலம் இருந்தது என்பதற்கு 'சுராங்கனி' சாட்சி. அரசியல் மேடையில் கிடைக்காத சாட்சி அது. அதனால்தான் அந்தப் பாட்டை வெறும் கூத்துப்பாட்டு என்று ஒதுக்குவது வரலாற்றின் பக்கம் ஒன்றைக் கிழிப்பதற்குச் சமம்.

இப்போது விண்வெளி மெய்யாகவே முத்துக்குளித்துறைக்கு வருகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரன்பட்டினத்தில் இந்தியாவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஏழு கடல்துறையின் தென்முனையான மணப்பாட்டுக்குப் பக்கத்து ஊர். அந்த இடம் தேர்வானதற்குக் காரணம் இலங்கை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குக் கிளம்பும் ராக்கெட் இலங்கையின் மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும். வளைவதற்கு எரிபொருள் செலவாகிறது, சின்ன ராக்கெட்டுக்கு அது தாங்காது. குலசையிலிருந்து நேர் தெற்கே விட்டால் கீழே கடல் மட்டும்தான். இந்தக் கரையில் எந்தக் கதையை எடுத்தாலும், அது ராக்கெட்டின் கதையாக இருந்தாலும், எதிர்க்கரையைச் சொல்லாமல் முடிக்க முடிவதில்லை.

மனோகரன் 2018 ஜனவரி 22 அன்று சென்னையில் காலமானார். வயது 73. செய்தித்தாள்களின் தலைப்பில் பாட்டின் பெயரைப் போட்டே அவரை அடையாளம் சொன்னார்கள். பனையில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி போய், பந்தலுக்குள் ஆள் உயரப் பெட்டிகள் வந்துவிட்டன. ரேடியோ செட்காரரின் பேரன் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறான். வரவேற்பில் இளசுகள் கேட்டால் 'சுராங்கனி'யையும் போடுகிறான், கணினி போட்ட நாலடி தொம்மை அடியில் ஓடவிட்டு. ஆறு எண்ணிக்கைப் பாட்டு நாலடிக்குள் உட்கார மறுத்து, சரணம் திரும்புகிற இடத்தில் கொஞ்சம் இடறும். முன்வரிசை நாற்காலியில் இருக்கும் வயசாளிகளின் கால் மட்டும் பழைய தகிடவையே தட்டிக்கொண்டிருக்கும்.